ஜெலுத்தோங்கின் புலி

தண்ணீர்மலையிலிருந்து ஜெலுத்தோங் கடலோரத்துக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் அங்கே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். கர்பால் சிங் பெயரைத் தாங்கிய சாலை அது. சாப்பாட்டுக்கு இடம் தேடும் அவசரத்தில் பலகையை யார் படிக்கிறார்கள்?

1940-இல் ஜோர்ஜ் டவுனில் ஒரு காவலாளியின் மகனாகப் பிறந்தவர். சிங்கப்பூரில் சட்டம் படித்தார். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர். ‘ஜெலுத்தோங்கின் புலி’ என்ற பட்டம் அங்கு ஒட்டிக்கொண்டதுதான்.

1983-இல் பினாங்கு விமான நிலையத்தில் போதைப்பொருளுடன் பிடிபட்ட ஆஸ்திரேலியர் கெவின் பார்லோவுக்காக வாதாடினார். காப்பாற்ற முடியவில்லை, 1986-இல் தூக்கு. கட்டாய மரண தண்டனை கூடாது என்று கடைசிவரை சொல்லிவந்தார். 2023-இல்தான் அது நீக்கப்பட்டது.

1987-இல் லாலாங் நடவடிக்கை. விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர்மீது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவர் பேசவே பேசாத பேச்சு! வக்கீலிடமா இந்த வேலை? ஆட்கொணர்வு மனு போட்டார். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியே வந்த சில மணி நேரத்திலேயே மறுபடியும் கைது. வீடு திரும்ப 1989 ஜனவரி ஆனது.

2005-இல் நடந்த விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. வாய் மட்டும் உட்காரவில்லை. 2009-இல் பேராக் ஆட்சி கவிழ்ந்தபோது, சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று சட்டக் கருத்துச் சொன்னார். அதற்குத் தேச நிந்தனை வழக்கு. முதலில் விடுதலை, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2014-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 4,000 வெள்ளி அபராதம். 2,000 வெள்ளி அபராதமே நாடாளுமன்றப் பதவியைப் பறிக்கப் போதும். தொகை பெரிதல்ல, பதவிதான் குறி என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு.

மேல்முறையீடு முடியவில்லை. அந்த ஏப்ரல் 17 விடியற்காலை, பினாங்குக்கு வரும் வழியில் கம்பார் அருகே சாலை விபத்தில் இறந்தார்.

குடும்பம் வழக்கை விடவில்லை. இறந்தவருக்கு எதற்கு வழக்கு என்று கேட்கலாம், பெயர் இருக்கிறதே! 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை 1,800 வெள்ளியாகக் குறைத்தது, குற்றத்தை நீக்கவில்லை. 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. அவர் மறைந்து ஐந்தாவது ஆண்டு அது. சாலைக்கு அவர் பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது.