பார்த்திருப்பதும் ஒரு பாவமே!

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பழனி மலைத் தொடரில் வாழும் நம் பிள்ளைகள் பலர், பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் மேற்படிப்புக்காக மதுரை, கோவை, சென்னை என்று மலையிறங்கிச் செல்கின்றனர். துஆச் செய்து வழியனுப்புகிறோம். தொழுகையை விடாதே என்கிறோம். ஆனால், விடுதியில் உன் கண்ணெதிரே ஒருவன் கொடுமைப்படுத்தப்பட்டால் நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோமா? பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக, "உனக்கேன் வம்பு?" என்றுதானே கற்பிக்கிறோம்!

ராகிங் விளையாட்டல்ல

1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு பயின்ற நாவரசு என்ற மாணவர், ராகிங் கொடுமைக்கு ஆளாகி, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். தந்தையின் பதவிகூட மகனைக் காக்கவில்லை. அதன் விளைவாகவே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்குரிய ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் வந்தும் கொடுமை ஒழியவில்லை. 2024 பிப்ரவரியில், கேரளத்தின் வயநாடு மாவட்டம் பூக்கோட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் இறந்து கிடந்தார். அதற்கு முன், சக மாணவர்களின் கண்ணெதிரிலேயே அவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அடித்தவர்கள் சிலர், பார்த்திருந்தவர்களோ பலர். அந்தப் பலரில் ஒருவர் உரிய நேரத்தில் வெளியே தகவல் சொல்லியிருந்தால்?

"வேடிக்கைக்காகச் செய்தோம்" என்பார்கள். அந்த வாதத்தை நபி (ஸல்) அவர்கள் அன்றே மறுத்துவிட்டார்கள். ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்த கயிற்றை மற்றவர்கள் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திகிலுறச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு கயிற்றுக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒருவனின் மானத்தைப் பறிப்பதற்கு என்ன சொல்வது?

ஏன் மௌனம்?

1968இல் டார்லி, லட்டானே எனும் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். வலிப்பு வந்து ஒருவர் உதவி கேட்கும் குரல் மாணவர்களின் காதில் விழச் செய்யப்பட்டது. தான் மட்டுமே கேட்கிறேன் என்று எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர், அக்குரல் ஓய்வதற்குள் உதவி நாடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களில் அவ்வாறு எழுந்தோர் 31 விழுக்காட்டினர் மட்டுமே. கூட்டம் பெருகப் பெருக, "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணமும் பெருகுகிறது.

நம் மலைச்சாலையையே எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து வழியடைத்தால், முன்பின் அறியாதவர்களும் வண்டியை விட்டு இறங்கிக் கைகொடுக்கிறார்கள். நாமே செய்தாக வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிகிறது. விடுதி அறையிலும் அந்த உணர்வு வர வேண்டும்.

அச்சமும் ஒரு காரணமே. அடுத்த அடி தனக்கு விழுமோ என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் அஞ்சுகிற நூறு பேர் மௌனமாக இருப்பதுதான் அநியாயம் செய்யும் நால்வருக்குப் பலம்.

மூன்று கூட்டத்தார்

சனிக்கிழமை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்ட ஊராரைப் பற்றி அல்லாஹ் திருமறையின் 7ஆம் அத்தியாயத்தில் (163 – 166) கூறுகிறான். ஒரு கூட்டம் வரம்பு மீறியது. ஒரு கூட்டம் தடுத்தது. மற்றொரு கூட்டம், தடுத்தவர்களைப் பார்த்து, இவர்களுக்கு ஏன் உபதேசிக்கிறீர்கள் என்றது. தீமையைத் தடுத்தவர்களைக் காப்பாற்றியதாகவும், அநியாயம் செய்தவர்களைத் தண்டித்ததாகவும் அல்லாஹ் கூறுகிறான். மூன்றாம் கூட்டத்தாரின் கதியை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அவர்கள் நிலை என்ன என்று விரிவுரையாளர்கள் கருத்து வேறுபடுகின்றனர். அத்தகைய ஐயத்திற்குரிய இடத்தில் நம் பிள்ளைகள் நிற்க நாம் விரும்புவோமா?

இளமையில் நாயகம் (ஸல்)

நபித்துவத்திற்கு முன், ஏறத்தாழ 20 வயதில், நாயகம் (ஸல்) அவர்கள் 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் பங்கேற்றார்கள். யமன் வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய மக்காவின் பெரும்புள்ளி, விலையைத் தர மறுத்தார். அந்நியருக்கு அங்கே உறவில்லை, ஆதரவில்லை. அப்போது சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உறுதி பூண்டனர். இஸ்லாம் வந்த பின்னும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று நாயகம் (ஸல்) கூறினார்கள். பாதிக்கப்பட்டவர் எந்த ஊர், எந்த மதம், எந்த சாதி என்ற கேள்வி அங்கே எழவில்லை. விடுதியில் தங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி உண்டா?

என்ன செய்வது?

கரத்தால் தடுப்பது என்றால் கைகலப்பு என்று பொருளல்ல. அந்தப் புதிய மாணவனின் அருகே சென்று நில்லுங்கள். "வா, சாப்பிடப் போகலாம்" என்று அவனை அங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள். தனியே முடியாவிட்டால் இரு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதிக் காப்பாளரிடமும் முதல்வரிடமும் சொல்லுங்கள். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர், அக்குற்றத்திற்கு உடந்தையானவராகவே தமிழ்நாட்டுச் சட்டத்தில் கருதப்படுவார். 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, "உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நீ யாரையாவது துன்புறுத்துகிறாயா? துன்புறுகிற யாருக்காவது துணை நின்றாயா?" என்றும் கேளுங்கள். "உனக்கேன் வம்பு?" என்ற சொல்லை இன்றோடு நம் வீட்டிலிருந்து அகற்றுவோம். நாளை நம் பிள்ளை தனித்து நிற்கும்போது, வேறொரு தாய் தன் மகனுக்கு அதையே சொல்லி வளர்த்திருந்தால், அவனுக்கு யார் துணை?

அநீதியைக் கண்டு ஒதுங்காத ஈமானிய உறுதியை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்குவானாக! கல்வி தேடிச் சென்றிருக்கும் அனைவரின் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.