மகளோடு படித்த ரத்தக்காட்டேரிக் கதை

(நமது சங்கத்தின் வாசகர் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ரத்தக்காட்டேரிக் காதல் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் ஒரு மாதிரி பார்த்தார். இதற்குக் காரணம் என் மகள்.

2009-ல் அவள் பத்தாம் வகுப்பு. ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிப்பாள். 2005 முதல் 2008 வரை வந்த நான்கு நாவல்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று, அவள் டியூஷன் போயிருந்தபோது முதல் புத்தகத்தை எடுத்தேன். திரும்பி வந்தவள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். திட்டுவேன் என்று பயந்தவளிடம், "அடுத்த பாகம் எங்கே?" என்று கேட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஊர் ஃபோர்க்ஸ். அங்கே படிக்க வரும் பெல்லாவுக்கு 17 வயது. அவள் காதலிக்கும் எட்வர்டுக்கும் பார்வைக்கு 17தான். ஆனால் பிறந்தது 1901-ல்! மனித ரத்தம் குடிக்காமல் மிருகங்களை வேட்டையாடி வாழும் குடும்பம். எல்லோர் மனதையும் படிக்கத் தெரிந்தவனுக்கு பெல்லாவின் மனது மட்டும் பிடிபடாது. கதையை பெல்லா சொல்வதால், அவன் மனதில் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. அந்த மர்மம்தான் பக்கத்தைப் புரட்ட வைத்தது.

அதே கதையை எட்வர்ட் சொல்வதாக வந்தது 'மிட்நைட் சன்'. பாதி எழுதியது 2008-ல் இணையத்தில் கசிந்ததால் ஆசிரியர் நிறுத்திவிட்டார். 2020 ஆகஸ்டில்தான் முழுதாக வெளிவந்தது. ஊரடங்கு நேரம். மகள் புனேயில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பிரதி வாங்கி, தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோனில் பேசிக்கொண்டே படித்தோம்.

ஏமாற்றம்தான். முதல் அத்தியாயம் பரவாயில்லை. அவள் ரத்த வாசனை பட்டதும், மொத்த வகுப்பையும் எப்படிக் கொல்லலாம் என்று மனதுக்குள் திட்டம் போடுகிறான். அதன் பிறகு 650 பக்கம் தாண்டியும், தெரிந்த சம்பவங்கள், தெரிந்த வசனங்கள். ஒரே லெட்ஜரை இன்னொருவர் கையெழுத்தில் படித்தது போல இருந்தது. நடுநடுவே பக்கம் பக்கமாகப் புலம்பல். அவன் மனது தெரிந்துவிட்டதால் மர்மமும் போய்விட்டது.

அதைவிட ஒன்று உறுத்தியது. ராத்திரி அவள் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, தூங்குபவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பழைய புத்தகத்தில் பெல்லாவுக்கு அது பெருமை. இதில் அவனே தவறு என்று சொல்லிக்கொள்கிறான். திரும்பவும் வருகிறான்.

அன்று ராத்திரி மகளிடம் கேட்டேன்: "சின்ன வயசுல இதைப் படிச்சப்போ உனக்கு என்னம்மா தோணுச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "காதல்னா அப்படித்தான்னு நினைச்சேன்பா. காலேஜ்ல ஒருத்தன் தினம் ஹாஸ்டல் வாசல்ல வந்து நிப்பான். ரெண்டு மாசம் அதைப் பெருமையா நினைச்சேன். அப்புறம்தான் பயம் வந்தது. வார்டன்கிட்ட சொல்லி நிறுத்தினேன். உங்ககிட்ட சொல்லத் தோணலை."

எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009-லேயே அந்தப் பக்கத்தை நானும் படித்தவன்தான். மகளோடு சேர்ந்து படிக்கிற அப்பா என்று ஆபீஸில் பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

இந்த ஐந்து புத்தகங்களையும் நம் கிளப் ஹவுஸ் அலமாரிக்குக் கொடுக்கிறேன். பிள்ளைகள் எடுத்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஒளித்துப் படிப்பார்கள். நீங்களும் படியுங்கள். படித்த பிறகு, "அந்த ராத்திரி காட்சி உனக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராது. கொஞ்சம் காத்திருங்கள்.