பன்னிரண்டு வாரம், இருவரும் சேர்ந்து



ஈரலைத் தாக்கும் கிருமிகளில் ஒன்று ஹெபடைடிஸ் சி. 1989-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. உடம்பில் தங்கிவிட்டால் பல வருஷம் வெளியே தெரியாது. கண் மஞ்சளிக்க வேண்டும் என்பதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் 20, 30 ஆண்டுகளில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம்.

முன்பெல்லாம் இதற்கு இண்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதமோ ஒரு வருஷமோ போட வேண்டும். காய்ச்சல், உடம்புவலி, முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று பலர் பாதியில் விட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு இன்றும் பயப்படாதீர்கள். இப்போது வெறும் மாத்திரைதான். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் சுமார் 95 பேருக்குக் குணமாகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மருந்து லேசாகிவிட்டது. ஆனால் வீடு லேசாகவில்லையே! "தட்டைத் தனியா வை, பிள்ளையைத் தொடாதே" என்கிறோம். மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். மனம் நொந்தவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். கிருமி உள்ளேயே தங்கிவிடுகிறது. இந்தப் பாவம் யாருக்கு?

ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம். பிள்ளையைக் கொஞ்சலாம். இதனாலெல்லாம் இது பரவாது. சவரப் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ஊசி ஆகியவற்றை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காயத்தைக் கட்டி மூடுங்கள். கணவன் மனைவி உறவில் பரவுவது அபூர்வம். மாதவிலக்கு, புண் இருக்கும் நாட்களில் ஆணுறை நல்லது.

மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிலருக்கு அலுப்பு, தலைவலி, குமட்டல் வரும். மனைவி "முடியலைங்க" என்றால் சோம்பல் என்று சொல்லாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். கணவருக்கு முடியாவிட்டால் கடினமான வேலையைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. முடிந்த வேலையைச் செய்யலாம். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். சாராயம் மட்டும் கூடவே கூடாது. நாட்டு மருந்தோ, நெஞ்செரிச்சல் மாத்திரையோ சாப்பிடுவதானால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

சிகிச்சை முடியும்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப் போடுங்கள். ரிபாவிரின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அதைச் சாப்பிடுபவர் கணவரானாலும் மனைவியானாலும், முடிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் பொறுங்கள். கருத்தடை முறையைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"உடம்பு தேறிடுச்சு" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்றால்தான் குணமானதாக அர்த்தம். இதற்குத் தடுப்பூசி கிடையாது, மறுபடியும் தொற்றலாம். ஆகவே சுத்தம் செய்யாத ஊசியும், பலருக்குப் போட்ட ஒரே பிளேடும் என்றும் வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பரிவு இருந்தால் 12 வாரமும் சுலபமாகக் கழியும்.