கிளி ஜோசியமும் கணிப்பொறி ஜோசியமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "உலகம் எங்கே போகிறது என்று ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், நான் இன்ஜினீயர், ஜோசியர் இல்லையே" என்றேன். "அதனால்தான் உன்னைக் கூப்பிடுறேன்" என்றார். காலையில் வாசலில் பார்த்த என் அறைத் தோழன், "கிளியைக் கொண்டு வந்திருக்கியாடா?" என்று கேட்டான்.

கிளி கொண்டுவரவில்லை. ஆனால் பொருளாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றிலும் பெரிய பெரிய ஆட்கள் எடுத்துப் போட்ட சீட்டுகள் சிலவற்றைக் கொண்டு வந்திருக்கிறேன். எது பலித்தது, எது பொய்த்தது, ஏன் என்று சேர்ந்து பார்ப்போம்.

முதலில் என் கதை. நான் இறுதியாண்டு படித்தது 2008-09-ல். அதற்கு முன்பே வளாகத் தேர்வில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கப்பா அந்த வேலைக் கடிதத்தை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற வங்கி திவாலானது. எங்கேயோ நியூயார்க்கில் நடந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். வேலையில் சேரும் தேதி ஜூலையிலிருந்து டிசம்பருக்குப் போனது. பிறகு "தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று ஒரு கடிதம். அந்தத் தேதி வரவே இல்லை. கல்விக் கடன் வட்டி மட்டும் தள்ளிப்போகவில்லை. "தபால் ஏதும் வந்துச்சா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதே 2008 நவம்பரில் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத், லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். இவ்வளவு பெரிய விஷயம் வருவது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று அங்கிருந்த வல்லுநர்களைக் கேட்டார். எங்கப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியும் அதேதான். மறு ஆண்டு அந்நாட்டு அறிஞர்கள் ராணிக்கு எழுதிய பதிலின் சாரம் இது: தனித்தனிக் கடன்களைப் பலரும் கணக்குப் பார்த்தார்கள், எல்லாம் சேர்ந்து விழுந்தால் என்னாகும் என்று மொத்தமாகப் பார்க்கத் தவறிவிட்டோம்.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கணிப்பு விஷயத்தில் ஒரு தீராத ஆர்வம்.

அடுத்த சீட்டு நம் நாட்டைப் பற்றியது. 1967-ல் வில்லியம் பேடக், பால் பேடக் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் "பஞ்சம் 1975" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். போர்க்கள டாக்டர் காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பது போல நாடுகளைப் பிரித்தார்கள். இந்தியாவைக் காப்பாற்ற முடியாது, அங்கே தானியம் அனுப்புவது வீண் என்று வகைப்படுத்தினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. 1966-ல் பெருமளவு அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்துதான் நம் வயிறு நிறைந்தது. அன்றைய புள்ளிவிவரத்தை வைத்துக் கோடு போட்டால் கோடு பஞ்சத்தில்தான் போய் முடியும்.

ஆனால் அந்தக் கோட்டில் சில மனிதர்கள் இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு அமைச்சர். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் ஆராய்ச்சியாளர். நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை மெக்சிகோவில் விளைந்துகொண்டிருந்தது. 1966-ல் 18,000 டன் விதையை அங்கிருந்து இறக்குமதி செய்யும் துணிச்சலான முடிவை எடுத்தார்கள். 1964-65-ல் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71-ல் 2 கோடியே 38 லட்சம் டன்னானது. 1975 வந்தது, அந்தப் பஞ்சம் வரவில்லை. இதற்கும் ஒரு விலை இருந்தது. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருப்பது அந்த விலையின் ஒரு பகுதி. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது சீட்டு பாதுகாப்பு பற்றியது. 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. அதைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் இதை எதிர்பார்க்கவில்லை. பிலிப் டெட்லாக் என்ற உளவியல் பேராசிரியர் இதைச் சும்மா விடவில்லை. 1980-களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 284 வல்லுநர்களிடம் ஆயிரக்கணக்கான கணிப்புகளை எழுதி வாங்கினார். எந்த நாட்டில் ஆட்சி மாறும், எங்கே போர் வரும் என்பது போன்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் நம் வாத்தியார் மாதிரி மார்க் போட்டு 2005-ல் புத்தகமாக வெளியிட்டார். சராசரி வல்லுநர், கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரைவிடப் பெரிதாகத் தேறவில்லை. புகழ் அதிகமானவர்கள் இன்னும் கொஞ்சம் மோசம்! ஒரே பெரிய தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் திணித்தவர்கள் தோற்றார்கள். "ஒருவேளை நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்" என்று யோசித்தவர்கள் பரவாயில்லை.

நான்காவது சீட்டு சுற்றுச்சூழல். 1967-ல், பேடக் சகோதரர்கள் புத்தகம் எழுதிய அதே ஆண்டில், சியுகுரோ மனாபே என்ற விஞ்ஞானி தன் சக விஞ்ஞானியோடு சேர்ந்து, இன்றைய கைபேசிக்குக்கூட ஈடாகாத கணிப்பொறியில் ஒரு கணக்குப் போட்டார். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமியின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்குச் சற்று அதிகமாக உயரும். அதே சமயம் வளிமண்டலத்தின் மேலடுக்கு குளிரும் என்றார். பிற்பாடு செயற்கைக்கோள்கள் அளந்து பார்த்தபோது கீழே சூடேறி, மேலே குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே ஆண்டில் இரண்டு கணிப்பு. ஒன்று பொய்த்தது, ஒன்று பலித்தது. ஏன்? காற்றும் வெப்பமும் பௌதிக விதிக்குக் கட்டுப்பட்டவை. நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு அவை மனசு மாறுவதில்லை. விதையும் விலையும் போரும் மனிதன் எடுக்கும் முடிவுகள். மனிதன் கணிப்பைக் கேட்பான், பயப்படுவான், புதிதாக ஏதாவது செய்வான். அங்கே கோடு வளைந்துவிடும்.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். 2011-ல் நம் கல்லூரி ஜூனியர் ஒருவன் "அண்ணே, சோலார் பக்கம் போகலாமா?" என்று கேட்டான். நான் கணக்கெல்லாம் போட்டுக் காட்டி, "இருபது வருஷத்துக்கு நிலக்கரியோட போட்டி போட முடியாதுடா, மானியம் நின்னா படுத்துடும்" என்றேன். 2010 டிசம்பரில் நம் தேசிய சூரிய சக்தித் திட்டத்தில் வந்த ஏலப் புள்ளி, யூனிட்டுக்கு ஏறக்குறைய 12 ரூபாய். நான் அந்த விலையையே பிடித்துக்கொண்டேன். உலகில் சோலார் தகட்டு உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்ததை நான் பார்க்கவில்லை. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. நல்லவேளை, அந்தத் தம்பி என் பேச்சைக் கேட்கவில்லை. அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் கணிப்பே வேண்டாமா? வேண்டும். இன்னும் இரண்டு சீட்டு பாக்கி இருக்கிறது.

1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருக்கும் குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். பிற்பாடு உலக நாடுகள் அத்தனையும் அதை ஏற்றன. இப்படியே போனால் 2066 வாக்கில் அண்டார்டிகா ஓட்டைகூட 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற 2023 மதிப்பீடு சொல்கிறது. எச்சரித்தவர்கள் பயந்த அழிவு நடக்கவில்லை. அது தோல்வியா? கணிப்புக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

இன்னொன்று. அமெரிக்காவின் தேசிய உளவுக் குழுமம் 1997-ல் தொடங்கி 2021 வரை ஏழு "உலகப் போக்குகள்" அறிக்கைகளை வெளியிட்டது. 2008-ல் வந்த அறிக்கை 2025 வரைக்குமானது. மருந்தில்லாத, வேகமாகப் பரவும் புதிய சுவாச நோய் ஒன்று தோன்றலாம். மனிதரும் விலங்கும் நெருங்கி வாழும், மக்கள் அடர்ந்த பகுதியில், உதாரணமாகச் சீனாவில், அது தொடங்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. 2020-ல் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். சீட்டு பலித்தது. பலித்து என்ன பயன்? முகக்கவசம் போதவில்லை, ஆக்சிஜன் போதவில்லை. இந்த அரங்கில் 2021-ன் அந்த மே மாதத்தில் சொந்தக்காரரையோ நண்பரையோ பறிகொடுக்காதவர் எத்தனை பேர்?

ஆகவே நண்பர்களே, கணிப்பின் மதிப்பு அது பலிப்பதில் இல்லை. கேட்டவன் என்ன செய்தான் என்பதில் இருக்கிறது. இதுதான் நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம்.

தம்பி தங்கைகளே, மதிய உணவு நேரத்தில் உங்களில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "அண்ணா, செயற்கை நுண்ணறிவு வந்தா எங்க வேலை போயிடுமா?" சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியும் என்று மேடையேறிச் சொல்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இது பௌதிகமா, மனித முடிவா? இரண்டு, எந்தத் தேதிக்குள், நூற்றுக்கு எத்தனை சதவீதம் உறுதி? தேதியும் எண்ணும் இல்லாத கணிப்பு ராசிபலன். மூன்று, நீங்கள் சொன்னது தப்பு என்று எதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்?

உங்கள் கணிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்த்து மார்க் போடுங்கள். எனக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நான் வாங்கிய மார்க்கை இங்கே பேராசிரியர்கள் முன்னால் சொல்லத் தயாராக இல்லை!

கடைசியாக, இந்தக் கல்லூரி எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடம். ஒரு பாலத்துக்கு என்ன பாரம் வரும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்காகப் பாலம் கட்டாமல் இருக்கிறோமா? கணக்கில் வருவதைவிடக் கூடுதல் பாரம் தாங்கும்படி கட்டுகிறோம். அதற்கு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். வாழ்க்கைக்கும் அது வேண்டும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு, முதல் தொழில் படுத்தால் கைகொடுக்க இரண்டாவதாக ஒரு திறமை, கஷ்டத்தில் கூப்பிட்டால் போன் எடுக்கும் நாலு நண்பர்கள். 2009-ல் எனக்குக் காசும் இல்லை, இரண்டாவது திறமையும் இல்லை. மூன்றாவது இருந்தது. நமக்கு இரண்டு ஆண்டு சீனியரான ஒரு அண்ணன் தன் அறையில் ஒன்பது மாதம் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். அவரும் இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

உலகம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் இந்தச் சங்கத்து ஆட்கள் போன் எடுப்பார்கள். இதை மட்டும் தொண்ணூற்றொன்பது சதவீதம் உறுதியாகக் கணித்துச் சொல்வேன்.