வேலியில ஒரு ஆவாரஞ்செடி



எங்க கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோட ஆவாரம்பூவும் வேணும். முன்னெல்லாம் ரோட்டோரமே கிடைச்சது. இப்போ சந்தையில காசு குடுத்து வாங்குறோம். நம்ம வேலியிலேயே வளர்க்கலாமே!

ஆனா செடியைச் சரியாப் பார்க்கணும். பேயாவரையும் மஞ்சளாத்தான் பூக்கும். அதோட விதையைக் குழந்தைங்க தின்னா உயிருக்கே ஆபத்து.

ஆவாரைக்குச் சின்ன இலை, நுனி மழுங்கலா, ஒரு காம்புல 8 முதல் 12 ஜோடி இருக்கும். காம்போட அடியில காது மாதிரி ரெண்டு இலை இருக்கும். காய் தட்டையா, காகிதம் போல இருக்கும். பேயாவரைக்கு இலை கூரா 4, 5 ஜோடிதான். கசக்கினா கெட்ட வாடை அடிக்கும். வேலியில இருந்தா காய்க்கிறதுக்கு முன்னாடியே பிடுங்கிடுங்க.

ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. சுடுதண்ணியில போட்டு ராத்திரி முழுக்க ஊறவெச்சு, மழைக்காலத்துல வேலியோரமே ஊன்றுங்க. தண்ணி தேங்கக் கூடாது. வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி விட்டா, அப்புறம் மழையே போதும்.

ஆவாரம்பூ டீ குடிக்கிறோம்னு சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

குழுவுக்கு ஒருத்தர் விதை சேர்த்துக் கொண்டு வந்தா எல்லா வீட்டுக்கும் பங்கு போடலாம்.