முழங்கால் குருத்தெலும்பும் ‘தேய்மானம்’ என்னும் சொல்லும்



முழங்கால் வலிக்காக மருத்துவரைக் கண்டு வந்தவரிடம் நலம் வினவினால், ‘தேய்மானமாம்’ என்னும் ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் மறுமொழியாகக் கிடைக்கும். அச்சொல்லோடு ஒரு முடிவையும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். தேய்ந்தது புழங்கப் புழங்க மேலும் தேயும். ஆகவே நடையைக் குறைப்பதே நலம் என்பது அம்முடிவு. செருப்புக்கு இக்கணக்குப் பொருந்தும். முழங்காலுக்கும் பொருந்துமா என்பதை இன்று ஆராய்வோம்.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் எடையில் பெரும்பகுதி நீர். கொலாஜன் இழைகளாலாகிய வலை அதற்கு உறுதி தருகிறது. அவ்வலைக்குள் தங்கியுள்ள புரோட்டியோகிளைக்கன் என்னும் மூலக்கூறுகள் நீரை ஈர்த்து வைத்திருக்கின்றன. இவ்விரண்டையும் ஆக்கிப் பேணுபவை ஆங்காங்கே தனித்து வாழும் உயிரணுக்கள். குருத்தெலும்பினுள் குருதிக்குழாய்கள் இல்லை. காலை ஊன்றும்போது அதிலுள்ள நீர் சிறிது வெளியேறுகிறது. எடுக்கும்போது மூட்டுநீர் ஊட்டத்தோடு உட்புகுகிறது. எனவே, அளவான நடை அதனை ஊட்டி வளர்க்கும் வழிகளுள் ஒன்றாகும்.

நோயின் தொடக்கத்தில் நிகழ்வது யாது? மேற்பரப்பின் இழைவலை தளர்கிறது, புரோட்டியோகிளைக்கன் குறைகிறது. தளர்ந்த வலைக்குள் நீர் மிகுவதால் குருத்தெலும்பு சற்றே வீங்கி மென்மையடைகிறது. உயிரணுக்கள் பெருகிக் கூட்டங்கூட்டமாகின்றன. இழந்ததை ஈடுசெய்ய முயல்கின்றன. ஆயினும், இழைகளை அறுக்கும் நொதிகளையும் அவையே மிகுதியாகச் சுரக்கின்றன. ஆக்கத்தை அழிவு விஞ்சும்போது மேற்பரப்பு நார்நாராகப் பிரிகிறது. மெலிவு அதன் பின்னரே வெளிப்படுகிறது.

இவை யாவும் ஓசையின்றி நிகழக்கூடும். ஏனெனில் குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. வலி எழுவது அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உட்சவ்வு முதலிய பகுதிகளிலிருந்து. எக்ஸ்ரே படத்திலும் குருத்தெலும்பு தெரிவதில்லை. எலும்புகளுக்கு இடைப்பட்ட வெளி குறுகுவதைக் கொண்டே அதன் இழப்பை உய்த்துணர்கிறோம். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் இலண்டன் அரச கழகத்திற்கு அளித்த கட்டுரையில் குறிப்பிட்டார். ஆதலால், முற்றும் அழியுமுன் காப்பதே அறிவுடைமை. தொடைத்தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மருத்துவர் கூறும் அளவில் நடை, மிகை எடையைக் குறைத்தல் ஆகியவை அதற்குத் துணைபுரியும். எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஏற்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைவதாக ஆய்வு காட்டியுள்ளது.

வழக்கில் வேரூன்றிய ‘தேய்மானம்’ என்னும் சொல்லை விலக்குமாறு நாம் கோரவில்லை. அச்சொல் வகுப்பறையிலோ இல்லத்திலோ எழும்போது, ‘அது உயிருள்ள திசு, தன்னைத் தானே செப்பனிட முயல்கிறது’ என்று ஒரு வரியைச் சேர்த்துச் சொல்வோம். அதைக் கேட்டு, நடக்க அஞ்சி நாற்காலியில் அமர்ந்துவிட்ட நம் பாட்டி ஒருவர் எழுந்து, வாசல் வரையேனும் நடக்கக்கூடும்.