மாதோட்டத்து மண்ணில் ஒரு கிராம்பு



சீன மருத்துவத்தைப் பற்றி இராமநாதபுரத்தில் கூடிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். இந்தக் கரையில் சீன மருந்து என்றதும் கடலட்டையும் கடற்குதிரையும்தான் நினைவுக்கு வரும். 2001-இல் அவை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. அதன்பின் அந்தப் பேச்சே வழக்கு, பறிமுதல் என்று சுருங்கிவிட்டது. இன்று நான் எடுத்துக்கொள்ளும் சரக்கு வேறு. முற்காலத்தில் அது சீனத்தில் விளைந்ததில்லை, நம் நாட்டிலும் விளைந்ததில்லை. ஆனாலும் இரு நாட்டு மருத்துவர்களும் தம் சொந்தப் பொருளாகவே அதைக் கையாண்டார்கள். அதுதான் கிராம்பு, நம் வைத்தியர்கள் சொல்லும் இலவங்கம்.

இன்று கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நாற்றுகளை மொரீசியசுக்குக் கடத்திப்போகும் வரை, உலகத்துக் கிராம்பெல்லாம் தெர்னாத்தே, திதோரே முதலான மலுக்குத் தீவுகளிலிருந்துதான் வந்தது. மொட்டைப் பூக்கும் முன்பே பறித்து வெயிலில் காயவைப்பார்கள். கடலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் காரமும் மணமும் எளிதில் போவதில்லை.

சீன அரசவையில் கிராம்பு மருந்தாவதற்கு முன்பே மரியாதையாகிவிட்டது. ஹான் அரசு முறைகளை எழுதிவைத்த யிங் ஷாவோ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். வாய் நாற்றத்தோடு பேசிய முதிய அவை அலுவலர் ஒருவருக்கு, வாயில் அடக்கிக்கொள்ளும்படி பேரரசர் கிராம்பு கொடுத்தார். நாக்கில் சுருக்கென்று எரிந்ததும், ஏதோ குற்றத்துக்காகத் தமக்கு நஞ்சு கொடுக்கப்பட்டதாக அவர் எண்ணிவிட்டார். விழுங்கவும் அஞ்சி, வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் விடைபெறத் தொடங்கினார். வீடே அழுதது. உடன் பணிபுரிந்தவர்கள் வந்து, வாயிலிருந்ததை வாங்கிப் பார்த்த பிறகுதான் அது நறுமணப் பொருள் என்று தெரிந்தது. அரண்மனையில் இருந்தவருக்கே அன்று அது அவ்வளவு புதிது.

அந்தப் பொருள் பிற்காலத்தில் சீன மருந்து நூல்களில் நிலையான இடம் பெற்றது. அவர்கள் கணிப்பில் கிராம்பு காரச் சுவையும் வெம்மைத் தன்மையும் உடையது. வயிற்றில் குளிர்ச்சி தங்கும்போது மேல்நோக்கி எழும் வாயுவைக் கீழே இறக்கும். ஆகவே விக்கலுக்கும் வாந்திக்கும் அதுதான் முதல் மருந்து. சீமைப் பனிச்சை போன்ற ஒரு பழத்தின் புல்லிவட்டம், இஞ்சி, ஜின்செங் வேர் ஆகியவற்றோடு கிராம்பைச் சேர்த்துக் காய்ச்சும் கியாழத்தைச் சீன மருத்துவர்கள் இன்றும் எழுதிக்கொடுக்கிறார்கள். மொட்டை ஆண் கிராம்பு என்றும் காயைத் தாய்க் கிராம்பு என்றும் பிரித்துவைப்பதும் அவர்கள் வழக்கம்.

நம் குணபாட நூல்களும் இலவங்கத்தை வெப்பத் தன்மையுடையதாகவே வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் சொல்கின்றன. ஆயுர்வேதமோ அதைக் குளிர்ச்சி என்கிறது. தமிழ் வைத்தியரும் சீன வைத்தியரும் ஒரு பக்கம் நிற்க, வடமொழி மரபு மறுபக்கம் நிற்கும் இந்த வேறுபாட்டைச் சித்த மருத்துவ மாணவர் ஒருவர் ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒத்துப்போகாத இடமும் உண்டு, அது இன்னும் சுவையானது. ஒன்றாகச் சேர்க்கக் கூடாத சரக்குகள் என்று சீன மருத்துவம் வகுத்த பத்தொன்பதின் பட்டியலில், கிராம்பும் மஞ்சள் இனத்து வேர்க்கிழங்கு ஒன்றும் பகையாக நிற்கின்றன. கீழக்கரையில் எந்த வீட்டு அடுப்படியிலும் ஆணத்துக்குக் கிராம்பும் மஞ்சளும் ஒரே சட்டியில்தான் விழுகின்றன. சரக்கு ஒரே கடல்வழியில் பயணம் செய்தாலும் அதைப் பற்றிய அறிவு அப்படியே கூடப் பயணம் செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று எனக்குத் தெரியாது.

அந்தக் கடல்வழி நமக்கு மிக அருகில் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு எதிரே மன்னார்த் தீவு, அதைக் கடந்தால் மாதோட்டம். அங்குள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. சோழர் ஆட்சியில் அந்த ஊர் இராசராசபுரம் என்ற பெயரும் பெற்றது. 2009-10-இல் அங்கே நடந்த அகழாய்வில், தோண்டிய மண்ணை நீரில் கரைத்து, மிதப்பவற்றை வடித்தெடுத்து ஆராய்ந்தார்கள். கி.பி. 900-1100 காலத்து அடுக்கில் கிராம்பு ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு கிராம்பு. 2018-இல் வெளியான ஆய்வறிக்கை, ஆசியாவில் அதுவரை அகழாய்வில் கிடைத்தவற்றுள் பழமையான கிராம்பு அதுதான் என்றது.

அதே காலத்தில்தான், 1015-இல், சோழத் தூதுக்குழு சீன அரசவையை அடைந்தது. சோங் வரலாற்றில் அவர்களின் காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. முத்து, யானைத் தந்தம், குந்திரிக்கம், தூதர்கள் தம் பங்காக அளித்த 3,300 கட்டி (சீன எடையளவு) நறுமண மருந்துகள். குந்திரிக்கம் சோழநாட்டு விளைபொருள் அன்று, அரபுக் கரையிலிருந்து வருவது. பிறர் நாட்டு மருந்தை வாங்கி மறுகரையில் சேர்க்கும் தொழிலில் நம் வணிகர்கள் கைதேர்ந்திருந்தார்கள் என்று இதைக்கொண்டு நான் துணிந்து சொல்வேன். மலுக்குக் கிராம்பு சாவகத்தின் வழியே நேராகவும் சீனம் போனது, உண்மை. ஆனால் இந்த நீரிணைப் பக்கம் வந்த கிராம்பு யார் கையில் மாறியது, யார் வைத்தியத்துக்குப் போனது என்பதை நாம் இன்னும் தேடவே தொடங்கவில்லை.

இங்கேதான் என் மனக்குறை. 1987-இல் பெரியபட்டினத்தில் எ. சுப்பராயலு, நொபோரு கராஷிமா போன்ற அறிஞர்களின் உழைப்பால் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. பச்சை மெருகு ஓடுகளும், வெள்ளையில் நீலம் தீட்டிய ஓடுகளும் அவற்றில் உண்டு. 1349-இல் தம் கடற்பயணங்களை எழுதிவைத்த வாங் தாயுவான் குறிப்பிடும் துறை இதுவே என்று கராஷிமா கருதினார். பெரிய சாதனை அது. ஆனால் அதற்குப் பிறகு சீனத் தொடர்பு என்றாலே ஓட்டை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஓடு மக்காது, அதனால் கண்ணில் படுகிறது. விதையும் மொட்டும் பட்டையும் கூடையில் அள்ளும் மண்ணோடு மேட்டுக்குப் போய்விடுகின்றன.

பெரியபட்டினத்திலும், வைகை முகத்து அழகன்குளத்திலும் இனி தோண்டப்படும் ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மண் எடுத்து நீரில் கரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தொட்டியும் நுண்ணிய சல்லடையும் பொறுமையுள்ள நாலு மாணவர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். வடித்தெடுத்ததை அடையாளம் காணத் தாவரவியலாருக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரையும் உட்கார வையுங்கள். காய்ந்து சுருங்கிய சரக்கைத் தொட்டும் முகர்ந்தும் பழகிய கை அவருடையது. முதல் அமர்வு அகழாய்வைப் பற்றியது என்பதால், இதற்கான வேலைத்திட்டத்தை அங்கேயே எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.